பூகம்பமும் இரண்டு பெட்டிகளும்

என் தங்கச்சி புருஷனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்று உட்கார்ந்தால் இரண்டாவது வார்த்தைக்கே தட்டுப்பாடு வந்துவிடுகிறது. ஒன்று சொல்கிறேன். மனிதருக்குக் குடிப் பழக்கம் கிடையாது. ஆனால் குடிக்கிறவன்கூடக் குடித்து முடித்ததும் கவிழ்ந்து படுத்துவிடுவான், தெருவுக்குக் கொஞ்சம் நிம்மதி கிடைக்கும். இவர் விஷயத்தில் அந்த நிம்மதியும் இல்லை. தங்கச்சி புருஷன் என்பதற்காக ‘அவர்’ போட்டு எழுதுகிறேன். அதற்கு மேல் என்னிடம் மரியாதை எதிர்பார்க்க வேண்டாம்.

அவரை எல்லோரும் பூகம்பம் என்றுதான் கூப்பிடுவார்கள். யாரோ கேலிக்கு வைத்த பேர் என்று நினைத்துவிடாதீர்கள், அவரே வைத்துக்கொண்டது. கடைப் பலகையிலும் அதையே எழுதி, எழுத்துக்கள் நடுங்குகிற மாதிரி வரைந்தால்தான் ஆயிற்று என்று பலகை எழுதுகிறவரைப் பாடாய்ப் படுத்தி எடுத்தார். காருக்கு சப்வூஃபர் மாட்டுவது அவர் தொழில். பாட்டுக்கு அடியில் தும் தும் என்று ஒரு கனத்த சத்தம் கிடக்குமே, பேஸ் என்பார்கள், அதை மட்டும் எடுத்து ஊதிப் பெருக்குகிற பெரிய ஸ்பீக்கர்தான் சப்வூஃபர். அதை ஒரு பலகைப் பெட்டிக்குள் இறக்கி, டிக்கியில் ஏற்றி, ஆம்ப்ளிஃபையரோடு ஒயர் கொடுத்துவிட்டால் காருக்குள் இருப்பவனுக்குக் குடல் குலுங்கும். வெளியே இருப்பவனுக்கு வயிறு எரியும்.

என் தொழில் கார் சீட்டுக்கு உறை தைப்பது. என் கடையும் அவர் கடையும் ஒட்டினாற்போல இருக்கின்றன, நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். அவர் ஆம்ப்பைப் போட்டால் என் மேசையில் கத்தரிக்கோல் தானாக நகரும். துணியில் சாக்பீஸால் கோடு இழுத்தால் கோடு நெளியும். “மாப்பிள்ளை, கொஞ்சம் குறைங்க, இங்க தையல் போகுது!” என்று சுவரில் தட்டுவேன். “இதுவே குறைச்சதுதான் அக்கா!” என்று பதில் வரும். பேச்சும் அப்படித்தான், ஆற்றுக்கு அந்தக் கரையில் நிற்கிறவனைக் கூப்பிடுகிற குரல். சாப்பாட்டில் உப்பு குறைவு என்று அவர் சொன்னால் அடுத்த வீட்டுக்காரி எழுந்து தன் குழம்பை ருசி பார்ப்பாள்.

ரேடியோ ரிப்பேர் கடை ஒன்றில் கூட்டிப் பெருக்கத்தான் முதலில் போனாராம். அங்கே ஒயர் சீவக் கற்றுக்கொண்டார், பிறகு பற்றவைக்கக் கற்றுக்கொண்டார், அதற்குப் பிறகு முதலாளிக்கே யோசனை சொல்லக் கற்றுக்கொண்டார், அதோடு அந்த வேலை போயிற்று. கொஞ்ச நாளில் ஒரு பழைய கார் வாங்கினார். பின்னால் போகிற கியர் விழாது. மழை பெய்தால் ஒரு பக்கக் கதவு திறக்காது. கியரைச் சரி பண்ணினாரா? டிக்கியில் இரண்டு சப்வூஃபர் வைத்தார். முட்டுச்சந்துக்குள் மாட்டிக்கொண்டால் ஆட்கள் இறங்கிப் பின்னால் தள்ள வேண்டும், பாட்டு மட்டும் நிற்காது.

அந்தக் காரில்தான் என் தங்கச்சியைப் பெண் கேட்டு வந்தார். அவர் வாசலுக்கு வருவதற்கு முன்பே எங்கள் அலமாரிக் கண்ணாடி கிடுகிடுத்து ஆள் வருகிறது என்று சொல்லிவிட்டது. எங்கள் அப்பா, பாவம், மரியாதையாக, “தம்பி எலெக்ட்ரிகல் லைனா?” என்று கேட்டார். “எலெக்ட்ரிகல் இல்ல மாமா, பூகம்பம்” என்று மார்தட்டாத குறையாகச் சொன்னார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. தங்கச்சி களுக்கென்று சிரித்துவிட்டாள். ஒரு சிரிப்பு சிரித்ததற்காக ஒருத்தி இவ்வளவு அனுபவிக்க வேண்டுமா என்று எனக்கு இன்றைக்கும் ஆற்றாமைதான்.

தொழில் தெரியாதவர் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் எனக்கே பொறுக்காது. கட்டைவிரல் தடிமனுக்கு பேட்டரி ஒயரைக் கம்பளத்துக்கு அடியில் ஓட்டி, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்து, தகட்டில் பெயிண்டைச் சுரண்டி வெறும் இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகுதான் எர்த் ஒயரை முடுக்குவார். எந்த ஆம்ப் எத்தனை ஓம் மின்தடை வரைக்கும் தாங்கும், இரண்டு சப்வூஃபரை எப்படிச் சேர்த்தால் ஓம் பாதியாகும், எப்படிச் சேர்த்தால் இரட்டிப்பாகும் என்பதெல்லாம் அவருக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். வீட்டிலேயே மாட்டிப் பார்த்து ஆம்ப்பைக் கருக வைத்து எடுத்துவருகிறவர்களை அவர் வறுத்தெடுப்பதைக் கேட்க எனக்கே பிடிக்கும். “ஓம் பாத்தியா? பாக்கலைல்ல? இப்ப புகையைப் பாரு!” இவ்வளவு தெரிந்த தலை இந்தக் கூத்துக்குப் போய்ச் செலவாகிறதே என்பதுதான் என் எரிச்சல்.

வருகிற ஆட்களும் அதற்கேற்ற ஆட்கள். வீட்டில் அப்பன் முன்னால் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசத் தெரியாதவர்கள் தெருமுனையில் டிக்கி வழியாகப் பேசுவதற்காக வருவார்கள். வேலை சரியாக முடிந்ததா என்று பார்க்க இவர் வைத்திருக்கும் சோதனை இருக்கிறதே! காருக்குள் இருக்கும் கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டி தெரியக் கூடாதாம், கலங்கலாகத் தெரிய வேண்டுமாம். பிறகு காய்ச்சல் பார்ப்பதுபோலக் கூரைமேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். “உடம்புல ஏறுது பாருங்க” என்பார். வந்தவனும் அந்தப் பக்கம் கையை வைத்துக்கொண்டு தலையை ஆட்டுவான். இரண்டு வளர்ந்த ஆண்கள், ஒரு கார், நடுப்பகல்.

போதாக்குறைக்கு ஒரு பந்தா வேறு. பிளஸ்ஸுக்குச் சிவப்பு, மைனஸுக்குக் கறுப்பு என்று உலகமே ஒயரைப் பிரித்து வைத்திருக்கிறது. அது இவருக்கு இளக்காரம். இரண்டும் கறுப்பாக ஒட்டியிருக்கும் ஒயரைத்தான் வாங்குவார். அதில் ஒரு பக்கம் மட்டும் மெல்லியதாக ஒரு வரம்பு ஓடும். அதை விரலால் தடவியே எது பிளஸ் என்று கண்டுபிடித்துவிடுவாராம். “கலர் பாத்து மாட்டுறதெல்லாம் கத்துக்குட்டிங்க வேலை அக்கா.”

இந்த மனிதருக்கும் என் தங்கச்சிக்கும் ஒரு பெண் பிறந்தது. நாங்கள் பாப்பா என்று கூப்பிடுவோம். பாப்பாவைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் என் நாக்கு கொஞ்சம் அடங்கும். அப்படி ஒரு பிள்ளை. முழங்கையில் குழி, கண்ணெல்லாம் குறும்பு. அழுகை என்றால் பசிக்கு மட்டும்தான். மிக்ஸி ஓடினாலும் தூங்குவாள், வாசலில் லாரி ஹாரன் அடித்தாலும் தூங்குவாள். என்ன சமர்த்துப் பிள்ளை என்று அக்கம்பக்கத்தில் மெச்சினார்கள். தங்கச்சிக்கும் பெருமைதான்.

ஒரு வயது தாண்டியது. நடந்தாள், ஓடினாள், அலமாரியைத் திறந்து துணியையெல்லாம் இழுத்துப் போட்டாள். பேச்சு மட்டும் வரவில்லை. அம்மா இல்லை, அப்பா இல்லை. ‘ஆ’ என்று ஒரே ஒரு சத்தம், அதையே எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டாள். ஒருநாள் அவள் என் கடையில் துண்டுத்துணி வைத்து விளையாடிக்கொண்டிருந்தபோது, தலைக்குப் பின்னால் நின்று தகர மூடியைக் கரண்டியால் ஓங்கி அடித்தேன். எனக்கே காது கொய்ங்கென்றது. பாப்பா துணியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸும் அதைத்தான் செய்து பார்த்தாள். பின்னால் நின்று கை தட்டினாள், கிலுகிலுப்பையை ஆட்டினாள். பிறகு தங்கச்சியை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னாள்: “காது டாக்டர்கிட்ட காமிச்சு டெஸ்ட் பண்ணிடுங்கம்மா. பிறவியிலயே இருக்கலாம், யார் மேலயும் தப்பில்ல. இப்பவே பாத்தா மெஷின் வெச்சு பேச்சு வரவெச்சிடலாம். தள்ளிப்போட தள்ளிப்போட பேச்சு வர்றது கஷ்டமாயிடும்.”

தங்கச்சி வீட்டுக்கு வந்து இதைப் புருஷனிடம் சொன்னாள். அவர் சிரித்த சிரிப்பு என் கடைக்குக் கேட்டது.

“யாரு, என் பொண்ணுக்கா? வா, காட்டுறேன்!” என்று பாப்பாவைத் தூக்கி வந்து, கடையில் நின்ற ஒரு காரின் பின்சீட்டில் முன்பக்கம் பார்க்க உட்காரவைத்தார். டிக்கிக்குப் போய் ஆம்ப்பைப் போட்டார். தும்மென்று அடித்தது. பாப்பா சட்டென்று திரும்பினாள். வாயெல்லாம் பல்லாகச் சிரித்து, தொடையில் இரண்டு கையாலும் பட் பட்டென்று அடித்துக்கொண்டாள். “எங்க, இப்ப சொல்லு! காது கேக்காத பிள்ளையா இது? உங்க நர்ஸு கிலுகிலுப்பையை ஆட்டுறாளாம். பூகம்பத்தோட பொண்ணு கிலுகிலுப்பைக்கெல்லாம் திரும்புமா?”

நான் சும்மா இருப்பேனா? “மாப்பிள்ளை, அது காதுல கேட்டு சிரிக்கல. உக்காந்த இடம் ஆடுது, அதுல சிரிக்குது. அந்த சத்தத்துக்கு என் கத்தரிக்கோலும்தான் திரும்புது. அதுக்கும் காது கேக்குதுன்னு சொல்வீங்களா?”

“அக்கா, சத்தம்னாலே ஆட்டம்தான். காத்து ஆடுது, காது ஆடுது, அவ்ளோதான். உங்களுக்கு ஊசி நூல் தெரியும். சத்தத்தைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காதீங்க.”

அன்றிலிருந்து இது ஒரு வித்தையாகிவிட்டது. கடைக்கு யார் வந்தாலும் பாப்பாவை உட்காரவைத்துக் காட்டுவார். அவளும் அலுக்காமல் திரும்பிச் சிரிப்பாள். பார்க்கிறவர்கள் கை தட்டுவார்கள். தங்கச்சியோ இரண்டு பக்கமும் ஆடினாள். என்னிடம் வந்தால் கண்ணைத் துடைப்பாள், வீட்டுக்குப் போனால் அவர் சொல்வதை நம்பிவிடுவாள். “ஒருவேளை அவர் சொல்றது சரியா இருக்கலாம்ல அக்கா? திரும்புதே!” என்று கேட்பாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். “அவருக்குத்தான் அறிவில்ல, உனக்குமா? நீ கூப்பிட்டா ஒரு தடவையாவது திரும்பியிருக்கா? பெத்தவ நீதானே!” என்பேன். அழுவாள். அழுதுகொண்டே அவருக்குச் சாப்பாடு கட்டுவாள். மாதங்கள் போய்க்கொண்டே இருந்தன, பாப்பா அந்த ஒற்றை ‘ஆ’வோடு வளர்ந்தாள்.

ஒருநாள் நான் விடாமல் பிடித்துக்கொண்டதில் மனிதர் உள்ளே கிடந்ததைக் கொட்டிவிட்டார். “உங்களுக்கென்ன அக்கா, சொல்லிட்டுப் போயிடுவீங்க. பூகம்பத்தோட பொண்ணு செவிடுன்னு ஒருத்தன் வாயில வந்தா போதும். இவன் போட்ட சத்தத்துலதான் பிள்ளைக்குக் காது போச்சும்பான். பெத்த பொண்ணு காதையே கெடுத்தவன், நம்ம காதை விடுவானாம்பான். என் கடை வாசல்ல எவன் வண்டி நிக்கும்?”

“அப்ப பிள்ளையைவிட கடைதான் பெருசா?” என்றேன்.

“என் பிள்ளைக்கு ஒண்ணுமில்லங்கிறேன், நீங்க மறுபடி மறுபடி…” என்று கத்திவிட்டு ஆம்ப்பைப் போட்டுவிட்டார். அதற்கு மேல் யார் பேசினாலும் கேட்காது. அவருக்கு அது வசதி.

நான் ஒரு காரியம் செய்தேன். காது ஆஸ்பத்திரிக்கு நானே போன் பண்ணி, பாப்பாவுக்கு நாள் வாங்கிவிட்டேன். எப்படியோ ஒரு வியாழக்கிழமை காலையில் வரச் சொன்னார்கள். தங்கச்சியிடம் கறாராகச் சொன்னேன்: “உன் புருஷன்கிட்ட நீயே சொல்லு. அவர் வந்தா வரட்டும், வரலன்னா நீயும் நானும் போறோம். நீயும் வரலன்னா நான் தனியாத் தூக்கிட்டுப் போவேன்.” தங்கச்சி சரி சரி என்று தலையாட்டினாள். சொன்னாளா? புதன்கிழமை மதியம் வரைக்கும் சொல்லவில்லை.

அன்றைக்கு அவர் கடையில் டிரைவிங் மாஸ்டர் வண்டி நின்றது. புதிதாகக் கார் ஓட்டப் பழகுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற மனிதர், தன் வண்டிக்கு இரண்டு சப்வூஃபர் கேட்டு வந்திருந்தார். பழகுகிறவன் காதில் ‘பிரேக்கை மிதி’ என்பது விழ வேண்டாமோ? கேட்டால், வண்டியில் ஒரு கலகலப்பு வேண்டும் என்கிறார். அந்த வண்டிக்கு நான்தான் சீட் உறை தைத்துப் போட்டிருந்தேன். ஒரு பெட்டிக்கு ஒயர் கொடுத்து முடித்துவிட்டு மாப்பிள்ளை இரண்டாவது பெட்டியில் கை வைத்திருந்த நேரம், தங்கச்சி இடுப்பில் பாப்பாவோடும் கையில் சாப்பாட்டோடும் வந்தாள். சாப்பாட்டைக் கீழே வைத்துவிட்டு, நாளைக்குக் காலையில் ஆஸ்பத்திரி என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“யாரைக் கேட்டு நாள் வாங்கினே?” என்று அவர் போட்ட சத்தத்தில் நான் ஊசியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனேன்.

“நான் வாங்கினேன். என்கிட்ட கேளுங்க” என்றேன்.

“ஓகோ! என் பிள்ளைக்கு எல்லாம் நீங்கதான் முடிவு பண்றீங்க, அப்படித்தானே?”

“நீங்க பண்ணலையே. யாராவது பண்ணணும்ல?”

“என் பிள்ளை காதுல மெஷினை மாட்டி நாலு பேர் சிரிக்கணும், அதானே உங்க ஆசை?”

“இப்ப மட்டும் யாரும் சிரிக்கலையா? பிள்ளையை வெச்சு வித்தை காட்டுறீங்களே, அதைப் பாத்து முதுகுக்குப் பின்னால தெருவே சிரிக்குது மாப்பிள்ளை!”

இப்படிச் சண்டை நடக்கும்போதே அவர் கை வேலையை விடவில்லை. கண் என்மேல், விரல் ஒயர்மேல். தடவினார், சொருகினார், முடுக்கினார், பெட்டியை டிக்கிக்குள் தள்ளினார். கோபத்தில் மூச்சு வாங்கியது. தங்கச்சி கையிலிருந்து பாப்பாவை வாங்கி, பின்சீட்டின் நடுவில் உட்காரவைத்தார்.

“மாஸ்டர், நீங்க சாட்சி. கண்ணாடிக்காரரே, நீங்களும் வாங்க!” என்று எதிர்க்கடையில் கார்க் கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டுகிறவரையும் கூப்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். “இப்ப பாட்டுப் போடப் போறேன். பாப்பா திரும்பினா, இந்தக் குடும்பத்துல இனி ஒருத்தரும் காதுங்கிற பேச்சை எடுக்கக் கூடாது. நாளைக்கும் கிடையாது, என்னைக்கும் கிடையாது. திரும்பலன்னா நானே உங்களை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிட்டுப் போறேன். சம்மதமா?”

எனக்குத் திக்கென்றது. பாப்பா திரும்புவாள் என்று எனக்குத் தெரியாதா? தினமும் திரும்புகிறவள்தானே. தங்கச்சி என்னைப் பார்த்தாள். அவள் மட்டும் தலையாட்டிவிட்டால் தீர்ந்தது, அதற்குப் பிறகு அவளை அசைக்க முடியாது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பாட்டைப் போட்டுவிட்டார்.

கதவு ஸ்பீக்கர்கள் நாலும் வீறிட்டன. பாடுகிறவன் குரல் காதைக் கிழித்தது, தாளத் தட்டு சளார் சளாரென்று அடித்தது. கண்ணாடிக்காரர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். தெருவில் போன ஒரு பெண் தோளில் தூங்கிய குழந்தை விழித்துக்கொண்டு அலறியது.

பாப்பா சீட் உறையின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

“பாப்பா!” என்றார் அவர். சத்தத்தைக் கூட்டினார். எனக்குப் பல் கூசியது. பாப்பாவுக்கு நூல் வரவில்லை, அதனால் வாயை வைத்துக் கடித்தாள். திரும்பவே இல்லை.

மாஸ்டர்தான் முதலில் வாயைத் திறந்தார். “அண்ணே, பேஸே வரலையே?”

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. அவ்வளவு கூச்சலிலும் தும் என்கிற அந்த அடி இல்லை. என் காலுக்குக் கீழே தரை ஆடவில்லை. மாப்பிள்ளை பாட்டை நிறுத்திவிட்டு டிக்கிக்கு ஓடினார். ஆம்ப்பில் விளக்கு எரிந்தது. ஃபியூஸ் நன்றாக இருந்தது. சட்டைப் பையிலிருந்து சின்ன பேட்டரி ஒன்றை எடுத்து, முதல் பெட்டியின் ஒயரைத் தொட்டார், ஸ்பீக்கர் தாள் வெளியே துள்ளியது. இரண்டாவது பெட்டியின் ஒயரைத் தொட்டார், அது உள்ளே போயிற்று.

“அட, சே! பிளஸ் மைனஸ் மாத்திக் குடுத்திருக்கேன்!” என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. “உங்களோட வாயடிச்சதுல வந்த வினை இது அக்கா. ஒண்ணு ஊதும்போது இன்னொண்ணு உறிஞ்சுது. ரெண்டும் சேர்ந்து பேஸைத் தின்னுடுச்சு. வேற ஒண்ணுமில்ல. இருங்க, இருங்க.”

ஒயரைக் கழற்றி மாற்றிச் சொருகினார். பாட்டைப் போட்டார். தும்மென்று விழுந்தது அடி. டிக்கி மூடி நடுங்கியது, தங்கச்சி கொண்டுவந்த சாப்பாட்டுப் பாத்திரம் தரையில் கிடந்து கடகடத்தது. பாப்பா நூலை விட்டாள். சுற்றித் திரும்பினாள். அப்பனைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்து, தொடையில் பட் பட்டென்று அடித்துக்கொண்டாள்.

“பாத்தீங்களா! பாத்தீங்களா!” என்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்தார். மாஸ்டர் கை தட்டினார். தங்கச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தாள். நான் தோற்றுப்போனேன் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுவதா, இல்லை இந்த மனிதரை இங்கேயே நாலு கேள்வி கேட்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவர் தூக்கிய கை அப்படியே நின்றது. இறங்கவில்லை.

மற்ற யாருக்கும் அது உடனே புரியவில்லை, அவருக்குத்தான் புரிந்தது. புரியாமல் இருக்க வழியே இல்லை. ஒரு பெட்டியின் ஒயர் மாறினால் போவது பேஸ் மட்டும்தான் என்று அவருக்குத் தெரியும். குரல் அப்படியே இருக்கும், தாளம் அப்படியே இருக்கும், தெருவே காதைப் பொத்திக்கொள்கிற அளவுக்கு இருக்கும். கதவு ஸ்பீக்கருக்கு பேஸ் போகாதபடி வெட்டி வைத்தவரே அவர்தான். அவ்வளவும் பிள்ளையின் காதுக்குப் பக்கத்தில் கத்தியபோதுதான் அவள் நூலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மறுபடியும் டிக்கிக்குள் குனிந்தார். சரியாக இருந்த ஒயரைக் கழற்றினார். வேண்டுமென்றே மாற்றிச் சொருகினார். தும் நின்றது. பாட்டு மட்டும் அலறியது. பாப்பா ஒரு கணம் அப்பனைப் பார்த்துவிட்டு, முன்பக்கம் திரும்பி நூலைத் தேடினாள். அவர் ஒயரைச் சரியாகச் சொருகினார். அவள் திரும்பிச் சிரித்தாள். மாற்றினார், அவள் நூலுக்குப் போய்விட்டாள். சரியாக்கினார், வந்தாள். எத்தனை தடவை செய்தார் என்று நான் எண்ணவில்லை. பாப்பாவுக்கு அது நல்ல விளையாட்டாக இருந்தது. கடைசியில் பாட்டை அடியோடு நிறுத்தினார். பின்கதவுப் பக்கம் போய், அவள் தலைக்குப் பின்னால் வாயை வைத்து, “பாப்பா” என்றார். பிறகு கொஞ்சம் சத்தமாக. பிறகு அவருடைய அந்த அக்கரைக்குக் கேட்கிற குரலில், தொண்டை கம்மும் வரைக்கும். தெருவில் ஒவ்வொரு கடையிலிருந்தும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பாப்பா மட்டும் திரும்பவில்லை.

மாஸ்டருக்கு இன்னும் விளங்கவில்லை. “என்னண்ணே, பேஸ்தான் நல்லா வந்துச்சே? எதுக்குத் திரும்பத் திரும்பக் கழட்டுறீங்க?” என்றார்.

“உங்க வண்டி ரெடி மாஸ்டர். எடுத்துட்டுப் போங்க” என்று இவர் ஒயரைச் சரியாக மாட்டி டிக்கியை மூடினார். “ஏதாவதுன்னா நாளன்னைக்கு வாங்க. நாளைக்குக் கடை கிடையாது.”

“ஏன், எங்கயாவது போறீங்களா?”

“ஆஸ்பத்திரிக்கு. என் பொண்ணுக்குக் காது கேக்கல.”

எந்த வார்த்தை எவன் வாயிலும் வந்துவிடக் கூடாது என்று அத்தனை மாதம் பயந்தாரோ, அதை அவரே சொன்னார். மெதுவாகச் சொல்லவும் அவருக்குத் தெரியாதே. வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. தங்கச்சி அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பெற்றவள் மனத்துக்குள் தனியாக வைத்துக்கொண்டு புழுங்கியதை இன்னொருவர் வாயால் கேட்டதும் அவளுக்கு அடங்கவில்லை. மாஸ்டர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு வாய் நிறைய இருந்தது. ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்த வசவு. ‘நான் அப்பவே சொன்னேனா இல்லையா’ என்று ஆரம்பித்தால் ராத்திரி வரைக்கும் போகும். ஆரம்பிக்கவும் செய்தேன். “இப்பவாவது புத்தி வந்துச்சே மாப்பிள்ளை. நாளைக்கு அங்க வந்து டாக்டர்கிட்ட, நான் சப்வூஃபர் வெச்சு டெஸ்ட் பண்ணினேன், பிள்ளை திரும்புச்சுன்னு உங்க பெருமையை அவுத்து விட்டுடாதீங்க. சிரிப்பாங்க.”

அவர் பாப்பாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அவள் அவர் சட்டைப் பையிலிருந்த பேட்டரியை எடுக்கப் பார்த்தாள்.

“இல்லக்கா, அதைச் சொல்லித்தான் ஆகணும்” என்றார். “ஏன் இவ்வளவு லேட்டா கூட்டிட்டு வந்தீங்கன்னு கேப்பாங்கள்ல. நான்தான் வேணாம்னு சொன்னேன், இவ அம்மா மேல தப்பில்லன்னு சொல்லணும்.”

இப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கோபமும் போகவில்லை.

“சொல்லுங்க” என்றேன். “நல்லா சத்தமா சொல்லுங்க.”